ஆசிரியர்க்கு ஆலோசனை கூறல்

நம் கல்லூரி அன்னையின் விழா மலரைக் கையிலேந்தும் பழைய மாணவருள் ஆசிரியத் தொழிலை மேற்கொண்டோர் மிகப் பலர். கண்டி நகரிலும், அதனைச் சூழ்ந்த மலைத்தோட்டங்களிலும், அக்குறணை முதலிய ஊர்களிலும் உள்ள பாடசாலைகளிலே கரும்பலகையின் முன் நிற்போரை நோக்கினால், நம்மவர் முகம் ஆங்காங்கே தோன்றும். ஆகலின், ஆசிரியத் தொழிலைச் சார்ந்த ஒரு பொருளை இம்மலரில் ஆராய்தல் பொருந்தும் எனக் கருதினோம். பிள்ளைக்குக் கற்பிப்பவர் ஆசிரியர். அவ்வாசிரியர் தம் கற்பித்தலைத் திருத்திக்கொள்ளத் துணைபுரிபவர் யார்? அத்துணை ஏன் பெரும்பாலும் வகுப்பறையின் வாயிலோடு நின்றுவிடுகின்றது? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலங்கையில் ஆசிரியராவதற்கு வழிகள் சில உள. 1986ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டத்தின்வழி அமைந்த தேசிய கல்வியியற் கல்லூரிகளிலே ஈராண்டு உறைந்து கற்று, ஓராண்டு கட்டுறுபயில்வை முடித்து வெளியேறுவோர் ஒரு சாரார். பல்கலைக்கழகப் பட்டம் பெற்றபின் நியமனம் பெறுவோர் மற்றொரு சாரார். எவ்வழியால் வந்தவராயினும், நியமனம் பெற்ற நாள்முதல் இளைப்பாறும் நாள்வரை அவர் வகுப்பிலே தனித்தே நிற்கின்றார். அங்கு நிகழ்வதை நாள்தோறும் காண்போர் பிள்ளைகள் மாத்திரமே. இத்தனிமையைப் போக்கும்பொருட்டு ஏற்பட்டதே ஆசிரிய ஆலோசகர் பதவி. சேவைக்கால ஆலோசகர் என்றும் இவரை வழங்குவர். அநுபவமுள்ள ஆசிரியரே இப்பணிக்குத் தெரிவுசெய்யப்படுவர். ஒரு பாடத்தையோ ஆரம்பக் கல்வியையோ பொறுப்பேற்று, வலயத்திலுள்ள பாடசாலைகளுக்குச் சென்று, வகுப்பை நோக்கி வழிகாட்டுதலும் செயலமர்வுகள் நடத்துதலும் இவர்தம் கடன்.

கண்டி மாவட்டத்திலே கண்டி, தெனுவர, கம்பளை, கட்டுகஸ்தோட்டை, வத்தேகம, தெல்தெனிய என ஆறு கல்வி வலயங்கள் உள்ளன. இவற்றுள் தமிழ்மொழிமூலப் பாடசாலைகள் சிங்களமொழிமூலப் பாடசாலைகளிடையே சிதறிக் கிடக்கின்றன. நகரத்தில் ஒன்று, முஸ்லிம்கள் வாழும் ஊரில் ஒன்று, கலஹா, தெல்தோட்டை, புசல்லாவை, மடுல்கலைப் பக்கத்துத் தோட்டங்களிலே வேறு சில என்னுமாறு அவை அமைந்துள்ளன. தமிழ்மொழிமூல ஆலோசகர் ஒருவர் காலையிற் பேருந்தேறி, மலைப்பாதையில் இறங்கி, எஞ்சிய தொலைவை நடந்து பாடசாலையை அடையுமுன்னரே இரண்டு பாடவேளைகள் கழிந்துவிடுதல் உண்டு. எனினும், யாம் ஆசிரியராகவும் பின்னர் ஆலோசகராகவும் பணியாற்றிய காலத்திற் கண்டது, தொலைவே இப்பணியின் இடர்களுட் சிறியது என்பதாம். பேரிடர்கள் மனித உள்ளத்தையும் பழக்கத்தையும் பற்றியவை. அவற்றுள் நான்கினை இங்கு எடுத்துக் காட்டுவோம்.

முதலாவது, ஆலோசகர்மேல் விழும் பழைய நிழல். ஆலோசகர் பாடசாலைக்குள் நுழையும்போது, அவருக்கு முன்னே நுழைவது வித்தியாதரிசியின் நினைவு. இந்நினைவுக்கு நீண்ட வரலாறு உண்டு. இங்கிலாந்திலே 1862ஆம் ஆண்டில் ரொபேட் லோ என்பார் கொண்டுவந்த விதிகளின்படி, வித்தியாதரிசி நடத்தும் பரீட்சையிற் பிள்ளைகள் வாசிப்பு, எழுத்து, எண் ஆகியவற்றில் அடையும் சித்தியைக் கொண்டே பாடசாலைக்குரிய நன்கொடை பெரும்பாலும் கணிக்கப்பட்டது. தாமே வித்தியாதரிசியாகப் பல்லாண்டு பணியாற்றிய புலவர் மத்தியூ ஆர்னல்ட் இம்முறையை வன்மையாகக் கண்டித்தார். பிள்ளையின் அறிவு வளர்வதற்கு மாறாக, பரீட்சைக்குரிய வரிகள் உருப்போடப்படும் என்பது அவர் கருத்தின் சாரம். இலங்கையில் 1869ஆம் ஆண்டிற் பொதுப் போதனைத் திணைக்களம் நிறுவப்பட்டதைத் தொடர்ந்து, பெறுபேற்றின்படி நன்கொடை வழங்கும் அம்முறை இங்கும் புகுந்தது. வித்தியாதரிசி வரும் நாளிலே பாடசாலையின் வருவாயும் ஆசிரியரின் மதிப்பும் ஒருசேரத் தராசில் ஏறின.

அம்முறை ஒழிந்து நெடுங்காலமாயிற்று. அது விட்டுச்சென்ற பழக்கம் ஒழியவில்லை. ஆலோசகர் வருகின்றார் என்னும் செய்தி முதல்நாள் எட்டினால், மறுநாட் சுவர்களிற் புதிய படங்கள் தொங்கும். பாடக்குறிப்பு முழுமை பெறும். முன்பே நடத்திய பாடமே மீண்டும் நடைபெறும். விடை தெரிந்த பிள்ளைகளின் கைகளே உயரும். ஆலோசகர் காண்பது வழக்கமான வகுப்பையன்று. தமக்கெனச் சமைத்த விருந்தையே. விருந்துணவை உண்டு ஒரு வீட்டின் அன்றாட உணவைப் பற்றிக் கருத்துக் கூறல் எங்ஙனம்? இதற்காக ஆசிரியரைக் குறைகூறல் நீதியன்று. தம் குறை மேலிடத்துக்கு எழுத்தில் எட்டுமோ, இடமாற்றத்திலும் பதவி உயர்விலும் அது எதிரொலிக்குமோ என்று அஞ்சும் ஒருவர், தம் இடர்களைத் திறந்து காட்டுவார் என எதிர்பார்த்தல் பேதைமையாகும். நோயை மறைப்பவனுக்கு மருந்தில்லை. ஆயின், சொன்னால் தண்டனை வரும் என அஞ்சும் நோயாளி மறைக்கவே செய்வான். மதிப்பிடும் பணியையும் உதவும் பணியையும் ஒருவரே ஒருங்கு செய்யும் இடத்தில், உதவி தோற்றுப்போதல் இயல்பே.

இரண்டாவது, ஆசிரியரின் உள்ளத்தில் ஊறிய பழக்கம். வேறெத்தொழிலைப் பயில்வோரும் அத்தொழிலைப் புதிதாய்த் தொடங்குவர். ஆசிரியர் மாத்திரம் தாம் பிள்ளையாயிருந்த காலத்தே பன்னீராண்டும் அதற்கு மேலும் பிறர் கற்பித்தலை நாள்தோறும் பார்த்திருந்தவராவார். அமெரிக்கச் சமூகவியலாளர் டான் லோர்ட்டி என்பார் 1975ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில், இதனைப் பார்த்தே பயின்ற தொழிற்பயிற்சி என்னும் கருத்துப்பட விளக்கினார். தமக்குக் கற்பித்த ஆசிரியர் கரும்பலகையில் எழுதினார், பிள்ளைகள் பார்த்தெழுதினர். எனவே கற்பித்தல் என்பது அதுவே என்னும் எண்ணம் எலும்பில் ஊறிவிடுகின்றது. இருபதாண்டுப் பழக்கத்தை ஒரு நாள் வந்து அரைமணி நேரம் பேசுபவரின் சொல் அசைத்துவிடாது.

நன்னூல் செய்த பவணந்தி முனிவர், நல்லாசிரியர்க்கு நிலம், மலை, நிறைகோல், மலர் என்பவற்றை உவமையாக்கினார். ஆசிரியர் ஆகாதார்க்கு அவர் காட்டிய நான்கு உவமைகளுள் ஒன்று, கழற்காய் பெய்த குடம். காய்களை எவ்வொழுங்கில் இட்டாலும், கவிழ்க்கும்போது அவ்வொழுங்கில் அவை வெளிவருவதில்லை. தாம் கற்ற முறை ஒன்று, கற்பிக்கும் முறை வேறொன்று என்னும் குறையையே இவ்வுவமை சுட்டுகின்றது. ஆலோசனை பெற்ற ஆசிரியர்க்கும் இது பொருந்துமன்றோ? செயலமர்விற் கேட்டது ஓர் ஒழுங்கில் உட்சென்று, வகுப்பிலே வேறோர் ஒழுங்கில் வெளிவருகின்றது. குடத்தைப் பழிப்பதினும், ஒழுங்கு மாறாமல் எடுப்பதற்கு உதவுதலே ஆலோசகர்க்குரிய வேலை.

இது நம்மை மூன்றாவது இடருக்கு அழைத்துச் செல்கின்றது. அறிதல் வேறு, செய்தல் வேறு. நம் நாட்டுக் கல்வியில் 1972ஆம் ஆண்டிலே ஒன்றிணைந்த விஞ்ஞானமும் தொழின்முன்னிலைப் பாடங்களும் புகுந்தன. 1998ஆம் ஆண்டு தொடங்கிய ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் விளையாட்டு, செயற்பாடு, எழுத்துவேலை என்னும் மூன்றையும் இணைத்துக் கற்பிக்கச் சொல்லிற்று. 2007ஆம் ஆண்டிலே தேர்ச்சியை அடிப்படையாகக் கொண்ட கலைத்திட்டமும் ஐந்து படிமுறைகளைக் கொண்ட பாடமும் ஆறாந் தரத்திலும் பத்தாந் தரத்திலும் தொடங்கின. ஒவ்வொரு முறையும் ஆசிரியர் வழிகாட்டிகள் அச்சாயின, கருத்தரங்குகள் கூட்டப்பட்டன, ஆசிரியர்கள் குறிப்பெடுத்தனர். திங்கட்கிழமை வகுப்புக்குத் திரும்பியபின், குறிப்பேடு அலுமாரியிலும் பழைய முறை கரும்பலகையிலும் இருந்தன.

இதன் காரணத்தை அமெரிக்க ஆய்வாளர் புறூஸ் ஜொய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் ஆகிய இருவரும் 1980களில் தெளிவுபடுத்தினர். ஒரு முறையின் கோட்பாட்டை விளக்குதல், அதனைச் செய்து காட்டுதல், சிறு குழுவிற் செய்து பழகுதல், செய்ததைப் பற்றிக் கருத்துரைத்தல் ஆகிய நான்கும் நிகழ்ந்தாலும், தம் வகுப்பிலே அம்முறையை ஆசிரியர் நிலையாகக் கையாள்வதற்கு ஐந்தாவதொன்று வேண்டும் என அவர்கள் கூறினர். அது, வகுப்பறையிலேயே உடனிருந்து தொடர்ந்து துணைபுரிதலாம். நீச்சலைப் பற்றிய விரிவுரையைக் கரையில் இருந்து கேட்டவன் மகாவலியில் நீந்தமாட்டான். தண்ணீரில் இறங்கும்போது அருகே ஒருவர் நிற்றல் வேண்டும். நம் செயலமர்வுகளிற் பெரும்பாலானவை கரையோடு முடிந்துவிடுகின்றன.

நான்காவது இடர் சூழ்நிலையைப் பற்றியது. தோட்டப் பாடசாலைகள் நெடுங்காலம் தோட்ட நிருவாகத்தின் கையிலிருந்து, 1970களிலேயே அரசாங்கத்தால் ஏற்கப்பட்டன. ஒரே மண்டபம், அதனுள்ளே பல வகுப்புகள், ஓரிரண்டு ஆசிரியர் என்னும் நிலையிலே தொடங்கியவை அவற்றுட் பல. பின்னர்ச் சுவீடன் நாட்டு உதவியாற் கட்டடங்கள் எழுந்தன. ஜேர்மன் உதவியுடன் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி அமைந்து, மலையகத்துக்குப் பயிற்றப்பட்ட ஆசிரியரை வழங்கிற்று. இவை பெரும் முன்னேற்றங்கள். ஆயினும், 2015ஆம் ஆண்டளவில் ஆசிரிய உதவியாளராகத் தோட்டப் பாடசாலைகளுக்கு நியமனம் பெற்ற இளைஞரும் யுவதிகளும், தொடக்கத்தில் மாதம் 6,000 ரூபா கொடுப்பனவுடனே, பயிற்சி பெறுமுன்னரே வகுப்புகளைப் பொறுப்பேற்றனர் என்பதையும் மறத்தலாகாது. அத்தகைய ஒருவர் இரண்டு வகுப்புகளுக்கு ஒருங்கே நடுவில் நிற்கும்போது, பிள்ளைகளைக் குழுக்களாக்கிச் செயற்பாடுகள் செய்விக்க வேண்டும் என்று ஆலோசகர் கூறிச் செல்வாராயின், அச்சொல் உண்மையாயிருந்தும் உதவியாகாது. பசித்தவனுக்குச் சத்துணவின் பட்டியலை வாசித்துக் காட்டியதாகவே முடியும்.

நகரத்துப் பாடசாலைக்கு வேறொரு சுமை உண்டு. ஐந்தாந் தரப் புலமைப் பரிசிற் பரீட்சையும் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையும் பெற்றோர் கண்முன் நிற்கின்றன. மெல்ல நின்று விளங்கவைக்கும் ஆசிரியரைவிட, பாடத்திட்டத்தை விரைந்து முடித்து வினாத்தாள்களைச் செய்விப்பவரையே ஊர் புகழ்கின்றது. ஆலோசகரின் சொல்லைக் கேட்டால் பெற்றோரின் சொல்லைக் கேட்க நேரிடும் என அஞ்சுவார் பலர். சூழ்நிலையை வெல்லாத முறை நிலைப்பதில்லை. 1930களிலே கண்டிக்கு அண்மையிலுள்ள ஹந்தெஸ்ஸவில் ஒரு கிராமியக் கல்வித் திட்டம் தோன்றிற்று. கிராமத்துச் சூழலையும் வேளாண்மையையும் சுகாதாரத்தையும் கைப்பணியையும் பாடத்தின் மையமாக்கிய சிறந்த முயற்சி அது. பெற்றோரோ ஆங்கிலத்தையும் அதனால் வரும் உத்தியோகத்தையுமே பெரிதும் விரும்பினர்; திட்டமும் நீடிக்கவில்லை. நல்ல முறை என்பது மாத்திரம் போதாது. அதனை ஏற்போர்க்கு அதிலே நம்பிக்கை பிறத்தலும் வேண்டும்.

இனி, இவ்விடர்களிடையே செய்யத்தக்கது யாது? ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் மொறிஸ் கோகன் என்பாரும் அவரைச் சார்ந்தோரும் 1950களின் பிற்பகுதி தொடக்கம் வகுத்த ஒரு முறை இன்றும் பயனுடையது. பாடத்துக்கு முன்னர் ஆசிரியரோடு கலந்து, எதனை நோக்க வேண்டும் என அவரையே கேட்டல். நோக்கும்போது தீர்ப்பெழுதாது, நிகழ்ந்ததை மாத்திரம் எழுதுதல். பின்னர் எழுதியதை ஆராய்தல். ஈற்றில் இருவரும் அமர்ந்து பேசி அடுத்த படியை முடிவு செய்தல் என்பன அதன் உறுப்புகள். இம்முறையிற் சிறப்பு, வினா ஆசிரியருடையதாயிருத்தலே. தாம் கேட்ட வினாவுக்கு வந்த விடையை மனிதர் எளிதிற் புறக்கணிப்பதில்லை.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவோம். நான்காந் தரத்திலே கழித்தல் நடைபெறுகின்றது எனக் கொள்வோம். ஆசிரியர் இரண்டு கணக்குகளைக் கரும்பலகையிற் செய்து காட்டி, "விளங்கிற்றா?" என வினவுகின்றார். "விளங்கிற்று, சேர்" என வகுப்பு ஒரே குரலில் ஒலிக்கின்றது. ஆலோசகர் பின் வாங்கில் அமர்ந்து ஒரு பிள்ளையின் அப்பியாசக் கொப்பியைப் பார்க்கின்றார். 42இலிருந்து 17 போக 35 என்றும், 61இலிருந்து 28 போக 47 என்றும், 50இலிருந்து 23 போக 33 என்றும் பிள்ளை எழுதியிருக்கின்றது. மூன்றுக்கும் சிவப்பு மையினாற் பிழை இடப்பட்டு, சரியான விடைகளாகிய 25, 33, 27 என்பன அருகே எழுதப்பட்டுள்ளன.

இவ்விடத்தில் ஆலோசகர் மூன்று வகையாய்ப் பேசலாம். "பாடம் நன்று, துணைச் சாதனங்களை இன்னும் பயன்படுத்துக" என்பது ஒன்று. இது எவ்வகுப்புக்கும் பொருந்தும். ஆகலின் எவ்வகுப்புக்கும் உதவாது. "பிள்ளைகள் பிழைவிடுவதை நீங்கள் கவனிக்கவில்லை" என்பது மற்றொன்று. இது உண்மையாயினும் வாயிலை அடைத்துவிடும். மூன்றாவது வழி, கொப்பியை இருவர்க்கும் நடுவில் வைத்து, "சேர், இந்த மூன்று விடைகளையும் பிள்ளை எப்படிப் பெற்றிருக்கும் என்று நினைக்கிறீர்கள்?" என வினவுதலாம். ஆசிரியர் சிறிது நோக்குவார். பிள்ளை எங்கும் சிறிய இலக்கத்தைப் பெரிய இலக்கத்திலிருந்து கழித்திருப்பது அவருக்கே தோன்றும். பிள்ளை கவனயீனமாகச் செய்யவில்லை; தவறான விதி ஒன்றை ஒழுங்காகக் கைக்கொண்டிருக்கின்றது. இது தெரிந்த கணமே அவர் முகத்தில் தற்காப்பு நீங்கி, ஆராயும் விருப்பம் தோன்றும். அங்கே பேச்சின் பொருள் ஆசிரியர் அல்லர், பிள்ளையின் சிந்தனையே.

அதன்பின் செய்து காட்டுதல். ஈர்க்குகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, நாற்பத்திரண்டை நான்கு கட்டாகவும் இரண்டு தனி ஈர்க்காகவும் வைத்து, பதினேழை எடுக்கச் சொன்னால், ஒரு கட்டை அவிழ்த்தாலன்றி ஏழு ஈர்க்கை எடுக்க இயலாது என்பதைப் பிள்ளையின் கையே கண்டுகொள்ளும். இதற்குப் பணச்செலவு இல்லை. தனி அறை வேண்டுவதில்லை. இரு வகுப்புகளுக்கு நடுவே நிற்கும் ஆசிரியரும் செய்யக்கூடியது. ஆலோசகர் இதனை வெறுஞ்சொல்லாற் கூறாது, அதே பிள்ளைகளோடு, அதே மண்டபத்தில், ஒரு பாடவேளை தாமே செய்து காட்டுவாராயின், அவர் சொல்லுக்கு நிறை உண்டாகும். தாம் கற்பிக்க அஞ்சும் வகுப்பிலே பிறர்க்கு அறிவுரை கூறும் உரிமை எவர்க்கும் இல்லை என்பதே எம் கருத்து.

ஆலோசனை ஒரு முறைக்கு ஒன்றாயிருத்தல் நன்று. பன்னிரண்டு குறைகளை எழுதிக் கொடுத்தால் ஆசிரியர் ஒன்றையும் திருத்தார். ஒன்றே கூறினால், அதனைச் செய்து பார்த்தல் எளிது. அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் றோ என்பார் 1970களிலே வகுப்பறை உரையாடல்களை ஆராய்ந்து, வினாவைக் கேட்ட ஆசிரியர் விடைக்காக ஏறக்குறைய ஒரு வினாடியே காத்திருப்பதைக் கண்டார். மூன்று வினாடி காத்திருந்தபோது பிள்ளைகளின் விடை நீண்டது, வாளாவிருந்தோரும் பேசினர். இரண்டு வினாடி மௌனம்! இதனை எத்தோட்டப் பாடசாலையிலும் நாளைக்கே தொடங்கலாம். இத்தகைய சிறு வெற்றி ஒன்று கிட்டியபின், அடுத்ததை ஆசிரியர் தாமே கேட்பார்.

மரியாதையும் ஈண்டுக் கருதத்தக்கது. இளைய ஆலோசகர் முப்பதாண்டு கற்பித்த மூத்த ஆசிரியரிடம் செல்லும்போது, அவரிடம் உள்ள சிறப்பை முதலிற் கற்றுக்கொள்ளச் செல்லல் வேண்டும். பிள்ளைகளின் குடும்பத்தையும் லயத்து வாழ்வையும் அவர் அறிந்த அளவு எந்த வழிகாட்டி நூலும் அறியாது. குறையைக் கூறுவதாயின் தனித்திருந்து கூறல் வேண்டும். பிள்ளைகள் கேட்கவோ அதிபர் முன்னிலையிலோ கூறலாகாது. வாக்களித்த நாளில் மீண்டும் வருதல் யாவற்றினும் முதன்மையானது. திரும்பி வாராத ஆலோசகரின் சொல், வந்துபோன மழையின் ஈரம்போல் உலர்ந்துவிடும்.

இங்கே ஓர் உண்மையை மறைத்தல் தகாது. இவ்வாறு ஒவ்வோர் ஆசிரியரோடும் உடனிருத்தற்கு வேண்டிய அளவு ஆலோசகர் எந்நாட்டிலும் இலர். மத்தியூ கிராஃப்ட் முதலிய ஆய்வாளர் 2018ஆம் ஆண்டிலே 60 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியபோது, உடனிருந்து வழிகாட்டுதல் கற்பித்தலை நன்கு உயர்த்துவதைக் கண்டனர்; அதனோடு, திட்டம் பல ஆசிரியர்க்கு விரிய விரியப் பயன் சுருங்குவதையும் கண்டனர். எனவே, வெளியிலிருந்து வருபவரை மாத்திரம் நம்பியிருத்தல் போதாது. ஜப்பான் நாட்டு ஆசிரியர் நெடுங்காலமாகக் கைக்கொள்ளும் பாட ஆய்வு முறை நமக்கு வழிகாட்டும். ஒரு பாடசாலையின் ஆசிரியர் சிலர் கூடி ஒரு பாடத்தைத் திட்டமிடுவர், ஒருவர் கற்பிப்பார், ஏனையோர் பிள்ளைகளை நோக்குவர், பின்னர் யாவரும் அமர்ந்து பாடத்தைத் திருத்துவர். பாடம் எல்லோருடையதும் ஆகலின், குறையும் ஒருவருடையதாவதில்லை. நம் அதிபர்கள் நேரசூசியிலே கிழமைக்கு ஒரு பாடவேளையை இதற்கென ஒதுக்குவாராயின், ஆலோசகர் தவணைக்கு ஒருமுறை வந்தாலும் பணி தடைப்படாது.

இம்முயற்சியாற் பயன் பெறுவோர் யார் என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை வகுப்பில் விளங்காததைத் தனியார் வகுப்பிற் சென்று தெளிந்துகொள்ளும். தேயிலை மலையிற் கொழுந்து பறிக்கும் தாயின் பிள்ளைக்கு அவ்வழி இல்லை. அப்பிள்ளைக்குக் கழித்தற் கணக்கு விளங்குவதாயின், அந்த மண்டபத்தில், அந்த ஆசிரியரின் வாயிலாகவே விளங்குதல் வேண்டும். 1945ஆம் ஆண்டு முதல் நம் நாட்டிற் கல்விக்குக் கட்டணம் இல்லை. ஆயினும், விளங்காத பாடத்தை இலவசமாகக் கேட்பதனால் ஒரு பிள்ளைக்கு ஆகும் நன்மை யாது?

ஆதலின், ஆசிரியராயுள்ள பழைய மாணவர்க்கு யாம் விடுக்கும் வேண்டுகோள் ஒன்றே. ஆலோசகரின் வருகைக்குக் காத்திராது, நும் வகுப்பறைக்கு நும்மோடு பணிபுரியும் ஒருவரை இவ்வாரமே அழையுங்கள். நும் பாடத்திலே ஒன்றை மாத்திரம் நோக்கித் தருமாறு கேளுங்கள். பின்னர் அவர் வகுப்புக்கு நீங்களும் செல்லுங்கள். அதிபராயுள்ளோர் அதற்கு இடமளியுங்கள். ஆலோசகராயுள்ளோர், தீர்ப்பெழுதும் பேனாவை வெளியே வைத்துவிட்டு உள்ளே செல்லுங்கள். இன்று நம் கல்லூரியிற் பயின்று நாளை ஆசிரியராகவிருக்கும் இளைஞரோ, தமக்கு ஒரு பாடம் ஏன் விளங்கிற்று, ஏன் விளங்கவில்லை என்பதை இப்போதே எண்ணிப் பழகுவாராக.